பந்து ரூம் மனசு டீச்சர்

முதல்லயே சொல்லிடறேன், அந்த ரூம் என்னோடது. நான் இந்தப் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா சேர்ந்த நாள்ல இருந்து பந்து, வலை, கயிறு, ஓட்டப்பந்தயத் தடுப்பு, காத்தடிக்கிற பம்பு எல்லாம் அங்கதான் கிடக்குது. இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். உள்ள நுழைஞ்சா ரப்பர் வாடையும் ஈரத் துணி வாடையும் மூக்கைத் துளைக்கும். இருந்தாலும் அது என் ராஜ்ஜியம். பசங்க எனக்கு விசில்னு பேர் வெச்சிருக்காங்க, முதுகுக்குப் பின்னாடிதான். நான் திரும்பினா எல்லாம் நல்ல பிள்ளைங்க.

ஒரு நாள் தலைமையாசிரியை என் வாசல்ல வந்து நின்னாங்க. அவங்க என் வாசலுக்கு வந்தாலே எனக்கு ஏதோ பறிபோகப் போகுதுன்னு அர்த்தம்.

"நம்ம ஸ்கூலுக்கு மனநல ஆலோசகர் வர்றாங்க. குழந்தைங்ககிட்ட பேசறதுக்கு அவங்களுக்குத் தனி ரூம் கொடுக்கணும்னு மேல இருந்து உத்தரவு. உங்க ரூம்ல பாதியைக் கொடுத்துடுங்க."

"தனி ரூம்னா அது எப்படி மேடம் பாதி?"

"நடுவுல ஒரு பீரோவைப் போட்டா தனி ரூம்தானே" ன்னாங்க. சொல்லிட்டுப் போயே போயிட்டாங்க. நான் பம்பைக் கையில வெச்சுக்கிட்டு பேந்தப் பேந்த முழிச்சேன்.

மனநல ஆலோசகர்னா கண்ணாடி போட்டுக்கிட்டு, நம்மளை ஒரு பார்வை பாத்து, உள்ள ஓடறதையெல்லாம் படிச்சிடற மாதிரி ஒரு ஆள் வரும்னு நினைச்சிருந்தேன். வந்தது ஒரு ஒல்லிப்பிச்சான் பொண்ணு. மெத்தை வெச்ச நாற்காலி ஒண்ணை வீட்டுல இருந்து தானே தூக்கிக்கிட்டு, மூச்சு வாங்க வந்து நின்னா. நாற்காலி மேல முகம் துடைக்கிற காகிதப் பெட்டி ஒண்ணு. நாற்காலியை ஜன்னல் பக்கமா போட்டு, பெட்டியை அது பக்கத்துல வெச்சா. தனக்கு உடைஞ்ச முக்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டா.

"நல்ல நாற்காலி உனக்கு இல்லையா?" ன்னு கேட்டேன்.

"அது குழந்தைங்களுக்கு அக்கா" ன்னா.

வந்த அன்னைக்கே அக்கான்னுட்டா. அதுக்கு மேல நான் எப்படி சண்டை போடறது? ஆனாலும் போட்டேன். ஏன்னா எந்தக் குழந்தை அவகிட்ட பேச வந்தாலும், அவ பீரோ ஓரமா தலையை நீட்டி, "அக்கா, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா" ன்னு கேப்பா. என் ரூம்ல இருந்து என்னையே வெளிய போகச் சொல்லுவா. நான் பந்து மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு முணுமுணுன்னு திட்டிக்கிட்டே வெயில்ல போய் நிப்பேன். நின்னது நின்னோம்னு, யாரும் கதவைத் திறக்காம பாத்துக்கவும் செஞ்சேன். சம்பளம் இல்லாத காவல்காரி.

பசங்க அவளுக்கு மனசு டீச்சர்னு பேர் வெச்சாங்க. எனக்கு விசில், அவளுக்கு மனசு. பாரபட்சத்தைப் பாருங்க.

அவ வேலை என்னன்னு எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் விளங்கல. வாட்ச்மேன் தினமும் காலையில அவளை நிறுத்தி, "இப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க பாக்கலாம்" ன்னு கேப்பார். கணக்கு டீச்சர் மத்தியானத்துல வந்து, வீட்டுக்காரர் குறட்டையை நிறுத்த மனசுல ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுட்டுப் போவாங்க. யார் லீவு போட்டாலும் தலைமையாசிரியை இவளைத்தான் அந்த வகுப்புக்கு அனுப்புவாங்க. "நீங்க சும்மா பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க, அதை அங்க போய்ப் பேசுங்க" ன்னு. தொலைஞ்சுபோன தண்ணி பாட்டில், குடை எல்லாம் சேர்த்து வைக்கிற பெட்டியும் அவ பொறுப்புலதான். தொலைச்சவங்க கவலையில இருப்பாங்க, கவலை உங்க துறைன்னுட்டாங்க.

இவ்வளவுக்கும் நடுவுல அவ வேலையும் செஞ்சா. எழுத்து கூட்டத் தெரியாம பயந்து ஒளிஞ்ச பையனுக்குப் பரீட்சை வெச்சுப் பாத்து, இவன் சோம்பேறி இல்ல, இவனுக்குப் படிக்கிற விதத்துல சிக்கல்னு கண்டுபிடிச்சு, அவன் அப்பாவுக்குப் புரியறவரைக்கும் தொண்டைத்தண்ணி வத்த எடுத்துச் சொன்னா. பரீட்சை நாள்ல வாந்தியெடுக்கிற பொண்ணை ஜன்னல் பக்கத்துல உக்காரவெச்சு மூச்சு விடப் பழக்கினா. கேட்டதை வெளிய ஒரு வார்த்தை சொல்லமாட்டா. அது அவ தொழில் தர்மம். என்கிட்டயும் சொல்லமாட்டா. வாயைப் புடுங்கிப் பாத்திருக்கேன். கிணத்துல போட்ட கல்லு.

வீட்டுலயும் அதே கதைதான். அவ வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவர். தங்கமான மனுஷன். இவ ஸ்கூல் விஷயம் பேசக்கூடாதுன்னு சொன்னதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கிட்டார். அதனால சாப்பிடற நேரம் பூரா லிஃப்ட் கதைதான். எந்த மாடியில எந்தக் கயிறு தேஞ்சுதுன்னு இவளுக்கு மனப்பாடம். இவ மனசுல என்ன தேயுதுன்னு அவருக்குத் தெரியாது. மாமியார் போன் போட்டா முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை பேருக்குப் பைத்தியம் தெளிஞ்சுது?"

இப்படியே போய்க்கிட்டிருந்தது. திடீர்னு ஒரு வாரம் இவ ஆளே மாறிட்டா. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பா, மூடுவா. வாட்ச்மேன் கேள்விக்குக்கூட சிரிக்கல. நான் வேணும்னே அவ பக்கம் ரெண்டு பந்தை உருட்டி விட்டேன், வழக்கமா கோச்சுக்குவா. அன்னைக்கு அதைக் காலால நகர்த்தி வெச்சுட்டு உக்காந்தா. நான் மூட்டையைக் கீழ வெச்சுட்டு அவ பக்கம் போனேன்.

"என்னடி ஆச்சு?"

டப்பாவை ஓரமா தள்ளி வெச்சுட்டுச் சொன்னா. "ஒரு குழந்தை என்னை நம்பி ஒண்ணு சொல்லுச்சு அக்கா. அதை நான் ஒரு பெரியவங்ககிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்ப அது என் முகத்தையே பாக்கறதில்ல. அதுக்கு மேல கேக்காதீங்க."

நான் கேக்கல. கேக்கத் தேவையும் இல்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த நாற்காலிக்கு வந்துக்கிட்டிருந்த பொண்ணு, ஏழாம் வகுப்பு, ரெட்டைப் பின்னல், வாய் ஓயாதது, இப்ப எங்க ரூம் பக்கமே வராம மைதானத்தைச் சுத்திக்கிட்டுப் போகுது. யாருன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல" ன்னு நான் தினமும் சொன்னேன். காலையில சொன்னேன், சாயங்காலம் சொன்னேன். அவ "சரிக்கா" ன்னுட்டு மறுபடி டப்பாவை மூடுவா.

நியாயமா அவ ஒரு காரியம் செஞ்சா. கல்வி அலுவலகத்துக்குப் போய், "எங்களை மாதிரி ஆலோசகர்களுக்கு ஒரு சிக்கல் வந்தா கலந்து பேச யாராவது அனுபவப்பட்டவங்க வேணும், ஏதாவது ஏற்பாடு இருக்கா" ன்னு கேட்டா. அங்க இருந்த அதிகாரிக்கு உச்சி குளிர்ந்து போச்சு. இது ரொம்ப நல்ல யோசனை, இதைப் பத்தி ஒரு பெரிய கருத்தரங்கு வெச்சிடலாம்னார். வெச்சாங்க. தலைப்பு, ஆலோசகர்களுக்கு ஆதரவு கிடைப்பது எப்படி. பேசறது யாருன்னா, இவதான்.

ஆதரவு கேட்டுப் போனவளை ஆதரவைப் பத்தி ஒரு மணி நேரம் பேச வெச்சுட்டாங்க. சரி, மத்த பள்ளிக்கூடத்து மனசு டீச்சருங்களாவது வருவாங்க, அங்கயாவது பேசலாம்னு இவ ஆசையா போனா. ஹால் நிறைய ஆளு. ஓவிய டீச்சர், தையல் டீச்சர், கணக்கு டீச்சர் எல்லாம் இருக்காங்க. மனசு டீச்சர் ஒருத்தர் கிடையாது. விசாரிச்சா, கருத்தரங்குக்கு வந்த டீச்சருங்க வகுப்பையெல்லாம் யார் பாக்கறது? அதுக்காக மனசு டீச்சருங்களை அங்கங்க வகுப்புல உக்கார வெச்சுட்டு வந்துட்டாங்களாம்.

முடிவுல இவளுக்கு ஒரு பரிசு கொடுத்தாங்க. கையில வெச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா கவலை போயிடும்னு ஒரு சின்ன ரப்பர் பந்து, சிரிச்ச மூஞ்சி வரைஞ்சது. வந்து என் பந்து மூட்டையில போட்டா.

"உங்களுக்கு உதவும் அக்கா. நான் இந்தப் பருவம் முடிஞ்சதும் போறேன். மேடம்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு இந்த வேலை வரல."

அந்த ரூம் மொத்தமும் எனக்கே வேணும்னு நான் கத்தாத நாள் கிடையாது. இப்ப கிடைக்கப் போகுது. சந்தோஷமா பொங்கி வரணும்ல? ஒண்ணும் வரல. அவ இல்லாம அந்த ரூம் எனக்கு எதுக்குன்னு இருந்தது. கோபம்தான் வந்தது. யார் மேலன்னு தெரியாம எல்லார் மேலயும் வந்தது.

எங்க விளையாட்டு டீச்சருங்க சமாச்சாரம் வேற. போட்டி போட்டின்னு மாசம் ஒரு தடவை எங்கயாவது ஒரு மைதானத்துல கூடிடுவோம். கூடினா எங்க வாய் அடங்காது. எவன் நடுவரா இருந்து ஏமாத்தினான், எந்த ஸ்கூல் தலைமையாசிரியர் வலை வாங்கித் தரமாட்டேங்கறார், எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இவளுக்கு அப்படி ஒரு மைதானம் இல்லையேன்னு தோணுச்சு. உடனே போனை எடுத்தேன். மேட்ச் போட எதிர் அணி தேடற மாதிரி ஒவ்வொரு ஸ்கூலா கூப்பிட்டேன்.

"உங்க ஸ்கூல்ல மனசு டீச்சர்னு யாராவது இருக்காங்களா?"

ஒரு ஸ்கூல்ல, "இருக்காரே, மாடிப்படிக்கு அடியில" ன்னாங்க. ஆறடி ஆளாம், குனிஞ்சே கூன் விழுந்துடுச்சாம். இன்னொரு இடத்துல ஆய்வுக்கூடத்துல எலும்புக்கூடு பக்கத்துல உக்காந்திருக்கார்னாங்க. வர்ற குழந்தை சொந்தக் கஷ்டத்துக்கு அழுதுச்சா, எலும்புக்கூட்டைப் பாத்து அழுதுச்சான்னு அவருக்கே குழப்பமாம். மூணாவது அம்மாவுக்கு நூலகத்துல மேசை. அங்க பேசக்கூடாதுன்னு தலைக்கு மேல பலகை மாட்டியிருக்காம். நாலாவது அம்மாவுக்கு மூணு பள்ளிக்கூடம், ரூமே கிடையாது, கார்தான். பசங்க கதவைத் திறந்து பின் சீட்ல ஏறி உக்காந்து மனசைத் திறப்பாங்களாம். இந்த நாலு பேர்ல ஒருத்தருக்கு இன்னொருத்தரைத் தெரியாது. எல்லாருக்கும் தான் மட்டும்தான் இப்படி இருக்கோம்னு நினைப்பு.

சனிக்கிழமை மத்தியானம் நம்ம ரூம்ல கூட்டம்னு சொல்லிட்டேன். பீரோவை ஓரமா தள்ளினேன், வலையை மடிச்சேன், வெளியில இருந்து பெஞ்சு இழுத்துப் போட்டேன். இவ முதல்ல வரமாட்டேன்னா. "உனக்காக இல்ல, அந்த மாடிப்படி மனுஷனுக்காவது நிமிர்ந்து உக்கார ஒரு இடம் வேணாமா" ன்னு கேட்டு உக்கார வெச்சேன். அஞ்சு பேரும் வந்தாச்சு. கதவைச் சாத்திட்டு டீ போடப் போனேன். மனசுக்குள்ள ஒரே பெருமை. இந்நேரம் கொட்டித் தீர்த்துக்கிட்டிருப்பாங்க, சத்தம் தெரு வரைக்கும் கேக்கும்னு நினைச்சுக்கிட்டே தட்டோட வந்தேன்.

ஒரு சத்தமும் இல்ல.

கதவைத் திறந்தா அஞ்சு பேரும் கையைக் கோத்து மடியில வெச்சுக்கிட்டு, தலையை லேசா சாய்ச்சு, ஒருத்தரை ஒருத்தர் அன்பா பாத்துக்கிட்டிருக்காங்க. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு.

"யாருக்கு என்ன ஆச்சு?" ன்னேன்.

ஒருத்தரும் பேசல. மெதுவா சிரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எதிர்ல இருக்கிறவங்க தானா வாயைத் திறக்கிறவரைக்கும் அவசரப்படாம காத்திருக்கணும், அதானே இவங்க படிச்ச படிப்பு? அஞ்சு பேரும் அதையே செய்யறாங்க. நான் டீ போடப் போனதுல இருந்து அஞ்சு பேரும் அடுத்தவர் ஆரம்பிக்கட்டும்னு பொறுமையா காத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் பாருங்க, அந்த மெத்தை நாற்காலி காலியா கிடக்கு. பெஞ்சுல நாலு பேர் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, இவ முக்காலியில. மெத்தை நாற்காலி கஷ்டம் சொல்ல வர்றவங்களோடதாச்சே, அதுல இவங்க எப்படி உக்காருவாங்க?

எனக்குக் காலையில இருந்து நின்னு நின்னு கால் கடுப்பு. தட்டைக் கீழ வெச்சுட்டு அந்த நாற்காலியில தொப்புன்னு உக்காந்தேன்.

அஞ்சு தலையும் ஒண்ணா என் பக்கம் திரும்புச்சு. அஞ்சும் சாஞ்சுது.

"சொல்லுங்க" ன்னாங்க கார் அம்மா.

"என்னத்தைச் சொல்ல? ஒண்ணுமில்ல. முழங்கால் வலி."

"முழங்கால் வலி" ன்னார் மாடிப்படி. நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். ஆனா அவர் சொன்ன விதத்துல அது ஏதோ பெரிய சோகம் மாதிரி இருந்தது.

"ஆமா. முன்ன மாதிரி ஓட முடியல."

"ஓட முடியல" ன்னார் எலும்புக்கூடு.

அவ்வளவுதான், மதகு திறந்துக்கிச்சு. பசங்க கூட ஓடறப்போ மூச்சு வாங்கறது, அதை மறைக்க வேணும்னே நின்னு விசில் அடிச்சுத் திட்டறது, பக்கத்து ஸ்கூலுக்கு வந்த சின்னப் பொண்ணு விளையாட்டு டீச்சர் மான் மாதிரி ஓடறது, வீட்டுல பையன் "போதும்மா, நிறுத்திடு" ன்னு சொல்றது, நிறுத்திட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாதுங்கறது, எல்லாம் வந்துடுச்சு. மூக்கை உறிஞ்சினேன். காகிதப் பெட்டி தானா என் கைக்கு வந்தது. நூலக அம்மா என் முழங்கையைத் தொட்டாங்க. என்ன சுகம்னு கேக்கறீங்க, என் கல்யாணம் ஆனதுல இருந்து இவ்வளவு நேரம் நான் சொல்றதை யாரும் குறுக்கே பேசாம கேட்டதில்ல.

தற்செயலா டீத்தட்டு கண்ணுல பட்டுச்சு. ஆடை படிஞ்சு கிடக்கு. அப்பத்தான் சுரீர்னுச்சு.

"அடப்பாவிங்களா, நான் யாருக்குக் கூட்டம் போட்டேன், நீங்க யாருக்கு வைத்தியம் பாக்கறீங்க?"

கோபத்துல விசிலை எடுத்து ஊதினேன். மூடின ரூம்ல விசில் ஊதினா எப்படி இருக்கும்? அலமாரி மேல இருந்து கூடைப்பந்து ஒண்ணு மாடிப்படி தலையில விழுந்தது. பாவம், அவருக்கு எங்க போனாலும் தலையில இடி.

"இந்த நாற்காலியில இனிமே நீங்க உக்காருங்க" ன்னேன். "ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க தங்களுக்குத் தெரிஞ்சதை வாயைத் திறந்து சொல்லணும். உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா மஞ்சள் அட்டை. ரெண்டாவது தடவை கேட்டா வெளிய."

சிரிச்சாங்க. ஆனா ஒருத்தரும் அசையல. நான் இவளையே பாத்தேன். இவ தரையைப் பாத்தா. அப்புறம் முக்காலியை விட்டு எழுந்து வந்து, தான் வீட்டுல இருந்து தூக்கிக்கிட்டு வந்த நாற்காலியில, ஓரமா, விருந்தாளி மாதிரி உக்காந்தா.

"எனக்கு ஒரு விஷயம் கேக்கணும்" ன்னா.

நூலக அம்மா என்னைப் பாத்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" ன்னாங்க.

வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு, அவங்களும் என்னை என் ரூம்ல இருந்து விரட்டிட்டாங்க. என் மேல தப்பு, இந்த இனமே இப்படித்தான்னு தெரிஞ்சும் கூட்டியிருக்கேன். ஆறின டீயை நானே குடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். உள்ள அவ குரல் கேட்டுது, வார்த்தை விளங்கல. காதைக் கதவுல வைக்கலாமான்னு ஒரு யோசனை. வைக்கல. அவ குரல் ரொம்ப நேரம் கேட்டுது, நடுவுல நின்னுது, மறுபடி கேட்டுது. அப்புறம் மத்தவங்க குரல், ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு கட்டத்துல அஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு மூக்கு மேல கோபம். இத்தனை நாளா நான் தலைகீழா நின்னும் சிரிக்காதவ, நேத்து முளைச்ச எலும்புக்கூடு சொன்னதும் சிரிக்கறா.

எல்லாரும் போனப்புறம் அவ வந்து என் பக்கத்துல படியில உக்காந்தா. முகம் வீங்கியிருந்தது, ஆனா வெளுப்பு போயிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"என் மேல தப்புதான்னு சொன்னாங்க அக்கா."

"யாரு? கூப்பிடு அந்த ஆளை. மாடிப்படியா?"

"எல்லாரும்தான். அந்தப் பெரியவங்ககிட்ட நான் சொன்னது சரியாம். குழந்தையோட பாதுகாப்புன்னு வந்தா சொல்லித்தான் ஆகணுமாம். ஆனா சொல்லப் போறேன்னு முதல்ல அந்தக் குழந்தைகிட்ட சொல்லாததுதான் தப்பாம். முதுகுக்குப் பின்னாடி செஞ்ச மாதிரி ஆயிடுச்சு." முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "அந்த நாலு பேரும் இதே தப்பைப் பண்ணியிருக்காங்க அக்கா. கார் அம்மா ரெண்டு தடவை பண்ணியிருக்காங்க."

"நான்தான் தினமும் உன் மேல தப்பில்லன்னு சொன்னேனே. அது உனக்கு ஆறுதலா இல்ல, இது ஆறுதலா இருக்கா?"

"நீங்க அன்புல சொன்னீங்க. என்ன நடந்துச்சுன்னே தெரியாம சொன்னீங்க. அதை வெச்சு நான் என்ன பண்ண முடியும்? தப்பு இன்னதுன்னு தெரிஞ்சா மன்னிப்பாவது கேக்கலாம்."

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்தது.

திங்கக்கிழமை காலையில மைதானத்துல நான் ஏழாம் வகுப்பை ஓட விட்டிருந்தேன். ரெட்டைப் பின்னல் வயித்து வலின்னு சொல்லி சுவத்தோரமா உக்காந்திருந்தது. இவ நடந்து போய் அது பக்கத்துல, தரையில, உக்காந்தா. என்ன சொன்னாளோ, சுருக்கமாத்தான் சொன்னா. பொண்ணு அவ பக்கம் திரும்பவே இல்ல. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, வயித்து வலியெல்லாம் எங்க போச்சோ, ஓடறவங்களோட போய்ச் சேர்ந்துக்கிச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைக் கூப்பிட்டு மைதானத்தை இன்னும் நாலு சுத்து சுத்த விட்டிருப்பேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

இவ எழுந்து நேரா தலைமையாசிரியை ரூமுக்குப் போனா. போச்சு, இன்னிக்கே கிளம்பப் போறாள்னு நினைச்சேன். திரும்பி வந்து, "நான் போகல அக்கா, மேடம்கிட்ட சொல்லிட்டேன்" ன்னா.

"என்னடி இது, அதுதான் மன்னிக்கவே இல்லையே?"

"மன்னிக்கணும்னு கட்டாயமா என்ன? அது மன்னிச்சாத்தான் இருப்பேன்னு சொன்னா, அது தலையில என் வேலையையும் சேர்த்து வெச்ச மாதிரி ஆகாதா? கார் அம்மா அப்படித்தான் கேட்டாங்க. என் வேலை இங்க இருக்கிறது. அது வந்தாலும் வராட்டியும்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"நல்லதாப் போச்சு, அப்ப மூணாவது பீரியட் கணக்கு வகுப்பைப் பாத்துக்கோங்கன்னாங்க." அவ முகத்துல ஒரு குறும்பு. "முடியாது மேடம், எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்ல சனிக்கிழமை எங்களுக்குப் பயிற்சியே நடந்துச்சு. எலும்புக்கூடுதான் தலைமையாசிரியையா நடிச்சார். அதுக்குத்தான் அன்னைக்கு அப்படிச் சிரிச்சோம்."

அப்புறம் மாசம் ஒரு சனிக்கிழமை கூட்டம்னு ஆயிடுச்சு. இப்ப எட்டு பேர் வர்றாங்க, உக்கார இடமில்லாம தடுப்பு மேலயெல்லாம் உக்கார்றாங்க. படிக்கிறதுல சிக்கலான்னு பரீட்சை வெச்சுப் பாக்கிற பெட்டியை ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்கறார், ஒருத்தர் சிக்கலுக்கு இன்னொருத்தர் வழி சொல்றார். நான் வெளியதான்.

ஆனா அந்தப் பொண்ணு வரல. இவ வாரம் ரெண்டு நாள் அது வர்ற நேரத்துக்கு வேற யாரையும் வரச் சொல்லாம காலியா வெச்சிருந்தா. நான் பாக்காத மாதிரி பாத்தேன். நாள் போகப் போக எனக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு. இவளும் உள்ளுக்குள்ள அப்படித்தான்னு நினைக்கிறேன்.

ஒரு நாள் நான் பந்துக்குக் காத்து அடிச்சுக்கிட்டிருக்கேன், வாசல்ல நிழலாடுச்சு. நிமிர்ந்தா ரெட்டைப் பின்னல். முகம் உர்ருன்னு இருக்கு.

"மனசு டீச்சர் பருவம் முடிஞ்சதும் போறாங்கன்னு சொன்னாங்களே, போகலையா?" ன்னு என்கிட்ட கேட்டுது.

பீரோவுக்கு அந்தப் பக்கம் முக்காலி கிறீச்னு சத்தம் வந்து நின்னுது. இவ மூச்சு விடாம இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது.

"போகல" ன்னேன். "போகலன்னு எப்பவோ சொல்லிட்டாங்களே."

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். குடையைத் தொலைச்சுட்டு வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன், பெட்டி மனசு டீச்சர்கிட்டதான், அவங்க போகலன்னு அவர்தான் சொன்னார்."

"சரி, இப்ப என்ன?"

"நான் முதல்லயே வந்திருப்பேன்" ன்னுது அது. என்கிட்ட சொல்ற மாதிரி பீரோகிட்டதான் சொல்லுச்சு. "எனக்கு அவ்வளவு கோபம். நேரா வந்து கேக்கணும்னு கிளம்பினேன். அன்னைக்குத்தான் அவங்க வேலையை விட்டுப் போறாங்கன்னு எல்லாரும் பேசினாங்க. போகப் போறவங்ககிட்ட எதுக்குக் கோபப்படணும்? போறவங்க போகட்டும்னு விட்டுட்டேன். மைதானத்துல வந்து மன்னிப்பு கேட்டாங்களே, போறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிற மாதிரி கேக்கறாங்கன்னு நினைச்சேன்."

இவ பீரோவுக்குப் பின்னாடி இருந்து வெளிய வந்தா. கையை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம நின்னா.

"இப்ப எதுக்கு வந்தே?" ன்னு மெதுவா கேட்டா.

"இப்ப நீங்க இங்கதான் இருக்கப் போறீங்கல்ல" ன்னுது பொண்ணு. "சண்டை போட வந்திருக்கேன்."

"உள்ள வா" ன்னா இவ.

யாரும் என்னை வெளிய போகச் சொல்லல. நானே பாதி காத்தடிச்ச பந்தை எடுத்துக்கிட்டு வந்து கதவைச் சாத்தினேன். சாத்தின கொஞ்ச நேரத்துல உள்ள அந்தப் பொண்ணு கத்த ஆரம்பிச்சுது. என்ன தொண்டை. பக்கத்து வகுப்புல பாடம் நின்னுடுச்சு. தலைமையாசிரியை தன் ரூம்ல இருந்து வேகவேகமா வந்தாங்க.

"யாரு அது இப்படிக் கத்தறது?"

"நம்ம பொண்ணுதான் மேடம்" ன்னு சொல்லிட்டு, கதவுக்கு முன்னாடி படியில நல்லா அகலமா உக்காந்துக்கிட்டேன். "கத்தட்டும், விடுங்க."